திரையில் கட்டம் கட்டமாக வருகிறதா? சீரியல் தொடர்பிலிருந்தே தொடங்குங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கட்டடம் ஒன்றில் ஏர்கான் பராமரிப்பு வேலை. ஊரில் டிப்ளமோ படித்தபோது சி மொழி கொஞ்சம் பழக்கம். நிரல் ஏற்றி ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணு போர்டும், முப்பத்தேழு சென்சர்கள் அடங்கிய பெட்டி ஒன்றும் வாங்கியிருக்கிறீர்கள். எல்இடியை மினுக்க வந்துவிட்டது. ஆனால் வெப்பநிலையை லேப்டாப்பில் பதிவு செய்யப் பார்த்தால், சில நேரம் திரையில் கட்டங்களும் கேள்விக்குறிகளும் வருகின்றன. லேப்டாப்பில் பைத்தான் மொழி நிரலை ஓட்டும்போதெல்லாம் போர்டில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. சில நேரம் ‘அனுமதி இல்லை’ என்று நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. சி-யை முதலிலிருந்து படிப்பதா, பைத்தான் படிப்பதா, வேறு நல்ல போர்டு வாங்குவதா? இவ்வளவுதானே?

மூன்றும் வேண்டாம். உங்களிடம் இருக்கும் போர்டு போதும். அந்தச் சென்சர் பெட்டியை மூடி அலமாரியில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு அதைத் திறக்காதீர்கள். அந்தப் பெட்டி வாங்கிய பலரை எனக்குத் தெரியும். ஒவ்வொரு சென்சருக்கும் ஒரு நிரலை எங்கிருந்தோ எடுத்து ஒட்டி, ஓடியதும் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். முப்பத்தேழும் முடிந்த பிறகும், ஓடாத ஒன்றை எப்படிச் சரிசெய்வது என்று தெரியாது. உங்கள் சிக்கல் மொழியில் இல்லை, சென்சரிலும் இல்லை. போர்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஓடும் அந்த ஒற்றைக் கம்பியில் இருக்கிறது. 0, 1 என்ற பிட்டுகளை அதில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதுதான் சீரியல் தொடர்பு. அதைத்தான் எல்லாரும் ‘சும்மா எழுத்து வருகிற வழி’ என்று தாண்டிப் போகிறார்கள்.

ஊனோவில் உட்கார்ந்திருக்கும் ஏடிமெகா328பி சில்லைப் பற்றி முதலில் ஒன்று. அதில் நிரலுக்கு 32 கிலோபைட் இடம், ஓடும்போது எழுதி அழிக்க 2 கிலோபைட் ராம். வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, விண்டோஸ் மாதிரி மேற்பார்வை செய்ய எதுவும் கிடையாது. நிரல் தப்பாக ஓடினால் ‘பிழை’ என்று சொல்லக்கூட அதற்கு வாய் இல்லை. சீரியல்தான் அதன் வாய். அது சரியாகப் பேசக் கற்றுக்கொண்டால், மற்றதையெல்லாம் அதுவே உங்களுக்குச் சொல்லித்தரும். அதனால்தான் சீரியலை முதலில் படியுங்கள் என்கிறேன்.

சரி, கம்பியில் என்ன நடக்கிறது?

பேச்சு இல்லாத நேரத்தில் கம்பி உயர்ந்த நிலையில், அதாவது ஊனோவில் 5 வோல்ட்டில், நிற்கும். ஒரு பைட், அதாவது எட்டு பிட், அனுப்ப வேண்டும் என்றால் முதலில் கம்பியை ஒரு பிட் நேரத்துக்குக் கீழே இறக்கும். அது தொடக்க பிட். ‘இதோ வருகிறேன்’ என்று கதவைத் தட்டுவது போல. பிறகு எட்டு பிட்டுகள், சிறியதிலிருந்து பெரியதாக. கடைசியில் ஒரு பிட் நேரம் மேலே. அது நிறுத்த பிட். ஆங்கிலப் பெரிய ஏ எழுத்தின் எண் 65. அதை அனுப்பினால் கம்பியில் போவது 0, 1, 0, 0, 0, 0, 0, 1, 0, 1. முதல் பூஜ்யம் தட்டல், கடைசி ஒன்று நிறுத்தம், நடுவில் இருப்பது 65-ஐ 0, 1-ஆக (01000001) எழுதித் தலைகீழாக வாசித்தது. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இதில் கவனிக்க வேண்டியது, கடிகாரத்துக்கென்று தனிக் கம்பி இல்லை என்பது. ஒரு பிட் எவ்வளவு நேரம் என்று இரண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அதைத்தான் பாட் ரேட் என்கிறோம். 9600 என்றால் ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 104 மைக்ரோவினாடி. ஒரு பைட்டுக்குப் பத்து பிட் ஆவதால் வினாடிக்கு 960 எழுத்து. 115200 என்றால் பிட்டுக்கு 8.7 மைக்ரோவினாடிதான். கேட்கும் பக்கம் கம்பி கீழே இறங்கியதைப் பார்த்ததும் அரைப் பிட் நேரம் காத்திருந்து, அப்புறம் ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் ஒரு முறை எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான். வேகம் ஒத்துப்போகவில்லை என்று யாரும் எச்சரிக்க மாட்டார்கள். தப்பான நேரத்தில் எட்டிப் பார்த்து, கிடைத்ததை ஓர் எழுத்தாக நினைத்துத் திரையில் போட்டுவிடும். உங்கள் கட்டங்களும் கேள்விக்குறிகளும் அங்கிருந்துதான் வருகின்றன.

இரு பக்கத்துக்கும் சிறு வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. முதல் பிட்டில் சிறிது நழுவும், அடுத்ததில் இன்னும் சிறிது. நிறுத்த பிட்டுக்கு வரும்போது அரைப் பிட்டுக்கு மேல் நழுவியிருந்தால் கதை முடிந்தது. கணக்குப் போட்டால் மொத்த வித்தியாசம் ஏறத்தாழ 5 சதவீதம் வரை தாங்கும். நடைமுறையில் பக்கத்துக்கு 2 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸில் 9600-ஐக் கிட்டத்தட்டத் துல்லியமாக, 0.2 சதவீதப் பிழையோடு, உருவாக்க முடியும். 115200-ஐக் கேட்டால் அது உண்மையில் தருவது 117647; அதாவது 2.1 சதவீதப் பிழை. பெரும்பாலும் ஓடிவிடும். எதிர்ப் பக்கமும் அந்தப் பக்கமாகவோ இந்தப் பக்கமாகவோ கொஞ்சம் நழுவியிருந்தால் எப்போதாவது ஓர் எழுத்து கெடும். அதனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் 9600-ஐ விட்டு நகராதீர்கள். வெப்பநிலை அனுப்ப அது தாராளம்.

கட்டங்கள் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது நிரலில் எழுதிய வேகமும் லேப்டாப்பில் தேர்ந்தெடுத்த வேகமும். பத்தில் எட்டு முறை அதுதான். ‘சில நேரம்’ வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு நிரலை ஏற்றியபோது அதில் 115200 என்றிருந்து, வரும் எழுத்தைக் காட்டும் சீரியல் மானிட்டர் ஜன்னல் 9600-லேயே நின்றிருக்கும் என்பது என் ஊகம். இரண்டும் ஒன்றாக இருந்தும் குப்பை வந்தால், எல்இடியை ஒரு வினாடிக்கு ஒரு முறை மினுக்கச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு வினாடிக்கு ஒரு முறை மினுக்கினால், சில்லு 8 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, மென்பொருளோ 16 என்று நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. அப்போது நீங்கள் 9600 என்று எழுதியது கம்பியில் 4800 ஆகப் போகும். போர்டு வகையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் இது நடக்கும். கருவி எதுவும் இல்லாமல் கண்டுபிடிக்கலாம்.

அடுத்து, பைத்தானை ஓட்டினால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போவது. இது பிழை இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நீங்கள் புதிய நிரலை ஏற்றுவதும் இதே சீரியல் வழியாகத்தான். சில்லில் ஏற்கெனவே இருக்கும் பூட்லோடர் என்ற சிறு நிரல், ரீசெட் ஆனவுடன் கொஞ்ச நேரம் ‘புது நிரல் ஏதாவது வருகிறதா’ என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும். ஒவ்வொரு முறையும் கையால் ரீசெட் பொத்தானை அமுக்கக் கூடாதே என்று, லேப்டாப் சீரியல் போர்ட்டை (இணைப்பு வாயிலை) திறக்கும்போது டிடிஆர் என்ற சமிக்ஞை ஒரு சின்ன கெப்பாசிட்டர் வழியாகச் சில்லை ரீசெட் செய்யும்படி இணைத்துவிட்டார்கள். ஆர்டுயினோ மென்பொருள் திறந்தாலும் உங்கள் பைத்தான் திறந்தாலும் போர்டுக்கு ஒன்றுதான். ரீசெட் ஆகும்.

ஆகவே பைத்தானில் போர்ட்டைத் திறந்தவுடன் இரண்டு வினாடி தூங்கச் சொல்லுங்கள். அதற்குள் கட்டளை அனுப்பினால் அது பூட்லோடரின் காதில் விழுந்து வீணாகும். அப்புறம், வந்த முதல் வரியை எடுத்து எறிந்துவிடுங்கள். பாதியில் தொடங்கிய வரியாக இருக்கலாம். எண்ணிக்கை தொடர்ந்து இருந்தே ஆக வேண்டும் என்றால் அதை லேப்டாப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் இடம் கொட்டிக் கிடக்கிறது.

‘அனுமதி இல்லை’ என்பது இன்னும் எளிது. ஒரு போர்ட்டை ஒரே நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்கலாம். சீரியல் மானிட்டர் திறந்திருக்கும்போது பைத்தான் கேட்டால் கிடைக்காது. பைத்தான் ஓடிக்கொண்டிருக்கும்போது புது நிரலை ஏற்றப் பார்த்தால் அதுவும் தோற்கும். ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: உபுண்டு போன்றவற்றில் உங்கள் பயனர் பெயர் ‘டயல்அவுட்’ குழுவில் இருக்க வேண்டும். போர்ட்டே பட்டியலில் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கைப்பேசி சார்ஜ் செய்ய மட்டும் ஆகும் கேபிள்கள் உண்டு. உள்ளே டேட்டா கம்பியே இருக்காது. விளக்கு எரியும், போர்டு உயிரோடு இருப்பது போலத் தோன்றும், லேப்டாப்புக்கு மட்டும் தெரியாது. அதன் பிறகு பார்க்க வேண்டியது சிஎச்340 சில்லுக்கான டிரைவர் மென்பொருள். மலிவு விலை ஊனோக்களில் பெரும்பாலும் யுஎஸ்பி-யையும் சீரியலையும் இணைப்பது அந்தச் சில்லுதான்.

இப்போது பயிற்சி. முதல் ஞாயிறு ஆர்டுயினோவே வேண்டாம். யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்று தேவைப்படும். இப்போதைக்கு இதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் மாற்றிக்கொள்ளும் வசதியுள்ளதாகப் பாருங்கள். சில வெள்ளிதான் ஆகும். ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்குப் போங்கள். கணினி விற்கும் சிம் லிம் ஸ்குவேர் வேறு, உதிரிபாகம் விற்கும் டவர் வேறு. ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி முதல் முறை நானே தப்பான கட்டடத்தில் ஏறி இறங்கியிருக்கிறேன். டவரில் பல கடைகள் ஞாயிற்றுக்கிழமை அடைத்திருக்கும். அதனால் சனிக்கிழமை வேலை சீக்கிரம் முடியும் நாளாகப் பார்த்துப் போய்விட்டு, அப்படியே தேக்காவில் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

அந்த அடாப்டரின் டிஎக்ஸ் (அனுப்பும்) காலையும் ஆர்எக்ஸ் (வாங்கும்) காலையும் ஒரு சின்ன ஒயரால் இணையுங்கள். ஏதாவது ஒரு சீரியல் மென்பொருளைத் திறந்து தட்டச்சு செய்யுங்கள். தட்டுவது திரும்பி வரும். ஒயரைப் பிடுங்கினால் நிற்கும். இது சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் லேப்டாப், கேபிள், டிரைவர், அடாப்டர் நான்கும் நன்றாக இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. இருபது வருடமாக ஜூரோங் பக்கம் அளவைக் கருவிகளைப் பழுதுபார்க்கிறேன். இன்றும் எந்தச் சீரியல் பிரச்சினைக்கும் முதலில் செய்வது இதைத்தான்.

சும்மா இருக்கும்போது ‘தமிழ்’ என்று தட்டி அனுப்பி, திரும்பி வந்தது எத்தனை பைட் என்று பைத்தானில் எண்ணிப் பாருங்கள். பார்வைக்கு மூன்று எழுத்து. வருவது 15 பைட். யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘அ’ மட்டும் அனுப்பினால் 224, 174, 133 என்று மூன்று எண் வரும். கம்பிக்கு எழுத்து தெரியாது, எண் தெரியாது, பைட் மட்டும்தான் தெரியும் என்பதை எந்தப் பாடப் புத்தகத்தையும்விட இது நன்றாகப் புரிய வைக்கும்.

இதே விஷயம்தான் ஆர்டுயினோவில் எல்லாரையும் ஒரு முறையாவது அடிக்கிறது. இரண்டாம் ஞாயிற்றுக்கு இந்தப் பயிற்சி: லேப்டாப்பில் 1 என்று தட்டினால் எல்இடி எரிய வேண்டும், 0 என்றால் அணைய வேண்டும். நிரலில் ‘வந்தது ஒன்றுக்குச் சமமா’ என்று எழுதுவீர்கள். எரியாது. ஏனென்றால் தட்டியது 1 என்ற எழுத்து. அதன் எண் 49. பூஜ்யத்துக்கு 48. ஒற்றை மேற்கோளுக்குள் 1 போட்டு ஒப்பிட வேண்டும். இதில் அரை மணி நேரம் திணறினால் நல்லது. அப்புறம் வாழ்நாளில் மறக்காது. இதே காரணத்தால், 31 டிகிரி என்பதை எழுத்தாக அனுப்பினால் 51, 49 என்று இரண்டு பைட் போகும், எண்ணாக அனுப்பினால் 31 என்ற ஒரே பைட். ஆர்டுயினோவில் ‘பிரிண்ட்’ முதலாவதைச் செய்யும், ‘ரைட்’ இரண்டாவதை. பலர் எண்ணாக அனுப்புவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறார்கள். நான் எழுத்தாகவே அனுப்பச் சொல்வேன். கண்ணால் பார்த்தே பிழையைப் பிடிக்கலாம். வேகம் போதாது என்று உண்மையிலேயே ஒரு நாள் தெரிந்தால் அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு வரி எங்கே முடிகிறது என்பதையும் பேசி வைக்க வேண்டும். லேப்டாப் ‘23.5’ என்று அனுப்பியதைப் போர்டு ‘23’ என்றும் ‘.5’ என்றும் இரண்டு தவணையாக வாங்கலாம். முழுச் செய்தியும் ஒரே மூச்சில் வந்துவிடும் என்று நம்பி எழுதும் நிரல் மேசையில் ஓடும், வேறு இடத்தில் விழும். புதுவரிக் குறி வரும்வரை ஒவ்வொரு எழுத்தாக ஒரு பெட்டியில் சேர்த்துக்கொண்டே இருங்கள். குறி வந்ததும் பெட்டியைப் பிரித்துப் படித்துவிட்டுக் காலி செய்யுங்கள். பெட்டி நிரம்பி வழியாமல் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதை எழுத உங்களுக்குத் தெரிந்த அளவு சி போதும்.

இதோடு ‘டிலே’ என்ற கட்டளையையும் விட்டுவிடப் பழகுங்கள். வந்த எழுத்துகள் படிக்கப்படும்வரை காத்திருக்கும் இடமான ஊனோவின் வரவுப் பஃபர் 64 பைட்தான். 9600 வேகத்தில் அது ஏறத்தாழ 67 மில்லிவினாடியில் நிரம்பிவிடும். நீங்கள் போர்டை ஒரு வினாடி ‘டிலே’யில் தூங்க வைத்திருக்கும்போது லேப்டாப் இருநூறு எழுத்து அனுப்பினால், நிரம்பியதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் தொலையும். எழும்பிப் பார்க்கும் போர்டுக்கு ஏதோ தொலைந்தது என்றே தெரியாது. ‘மில்லிஸ்’ என்ற கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டதா என்று கேட்டுவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும்படி எழுத வேண்டும். அது 49.7 நாளில் மீண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பும். ‘இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்தது, இடைவெளியைவிடப் பெரிதா’ என்று குறியில்லா (அன்சைன்ட்) முழு எண்ணில் எழுதினால் திரும்பினாலும் கணக்கு பிசகாது.

மூன்றாம் ஞாயிறு சென்சர். ஏர்கான்காரராகிய உங்களுக்கு எல்எம்35 என்ற வெப்பநிலை சென்சர் பொருத்தம். ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அறை 31 டிகிரி என்றால் 310 மில்லிவோல்ட். ஊனோ 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரிப்பதால் ஒரு படி 4.9 மில்லிவோல்ட், ஆகவே வெப்பநிலை அரை டிகிரி அரை டிகிரியாகத் தாவும். இதைப் பார்த்துவிட்டு ‘சென்சர் மட்டம்’ என்று திட்டுவார்கள். சென்சர் பாவம். உள்ளே இருக்கும் 1.1 வோல்ட் ஒப்பீட்டுக்கு மாற்றினால் ஒரு படி 0.1 டிகிரிக்கு வந்துவிடும். அந்த 1.1 என்பது சில்லுக்குச் சில்லு சற்று மாறும். போர்டின் ஏரெஃப் (ஒப்பீட்டு வோல்ட்டேஜ்) காலில் மல்டிமீட்டர் வைத்து அளந்து, வந்த எண்ணை நிரலில் போடுங்கள். பத்து வினாடிக்கு ஒரு வரி அனுப்பி, பைத்தான் அதில் நேரத்தைச் சேர்த்து ஒரு கோப்பில் எழுதட்டும். அறையில் ஏர்கானைப் போட்டு 24 டிகிரிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது, கம்ப்ரஸர் எப்போது நின்று எப்போது ஓடுகிறது என்பது வரைபடத்தில் பல்லுப் பல்லாகத் தெரியும். வேலையில் தினமும் காதால் கேட்பதை முதல் முறையாகக் கண்ணால் பார்ப்பீர்கள்.

மொழிக் கேள்விக்கும் இங்கேயே பதில் வந்துவிட்டது. போர்டில் கொஞ்சம் சி, லேப்டாப்பில் கொஞ்சம் பைத்தான். இரண்டிலும் ஐம்பது வரி எழுதத் தெரிந்தால் தொடங்கலாம். ராஸ்பெரி பை பிக்கோவில் மைக்ரோபைத்தான் போட்டு எல்லாவற்றையும் பைத்தானிலேயே செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். நல்ல போர்டுதான், 264 கிலோபைட் ராம் இருக்கிறது. ஆனால் 64 பைட் பஃபர் நிரம்பி வழிந்து அடிபட்டவர்தான் பஃபர் என்றால் என்ன என்று கற்றுக்கொள்கிறார். பிக்கோ அடுத்த வருடம் இருக்கட்டும்.

வோல்ட்டேஜ் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பிக்கோவும் ஈஎஸ்பி32-வும் 3.3 வோல்ட் போர்டுகள். ஊனோவின் 5 வோல்ட் டிஎக்ஸ்-ஐ அவற்றின் ஆர்எக்ஸ்-இல் நேராகச் செருகாதீர்கள். 1 கிலோஓம், 2 கிலோஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டால் 5 வோல்ட் 3.3 ஆக இறங்கிவிடும். ஒன்றின் டிஎக்ஸ் மற்றதன் ஆர்எக்ஸ்-க்கு, குறுக்காக. இரண்டு போர்டின் கிரவுண்டும் (பூஜ்ய வோல்ட் கால்) கட்டாயம் ஒன்றோடொன்று சேர வேண்டும். கிரவுண்ட் சேர்க்காமல் ‘ரெண்டு கம்பி சரியாத்தானே போட்டேன்’ என்று மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் கணக்கில்லை. ஊனோவில் 0, 1 எண் கால்கள் யுஎஸ்பி பேசும் அதே கம்பி. அங்கே வேறு எதையாவது செருகினால் நிரல் ஏறாது.

நான் செய்த முட்டாள்தனத்தையும் கேளுங்கள். பழைய வேலையிடத்தில் ஒரு எடை இயந்திரம். பின்னால் ஒன்பது கால் சாக்கெட். கையேட்டில் ‘சீரியல், 9600’ என்று போட்டிருந்தது. அடடா, நமக்குத் தெரிந்ததுதானே என்று அதன் அனுப்பும் காலை எடுத்து 3.3 வோல்ட் போர்டின் ஆர்எக்ஸ்-இல் நேராக வைத்தேன். போர்டு அப்போதே போய்விட்டது. அந்த ஒன்பது கால் சாக்கெட்டில் வருவது ஆர்எஸ்-232. பிட்டுகளின் வரிசை அதேதான், வோல்ட்டேஜ் வேறு. அங்கே 1 என்பதற்கு மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை, 0 என்பதற்குப் பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை. சும்மா இருக்கும்போதே மைனஸில் நிற்கும் கம்பியை அந்தச் சில்லின் வாயில் வைத்திருக்கிறேன். நடுவில் வோல்ட்டேஜை மாற்றித் தரும் மேக்ஸ்3232 என்ற சில்லைப் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். ‘சீரியல்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் செருகக் கூடாது. வேகம் என்ன, வோல்ட்டேஜ் என்ன என்று இரண்டையும் கேட்க வேண்டும். ஏர்கான் போர்டுகளைத் திறந்தால் 230 வோல்ட்டும் பக்கத்திலேயே இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் ஞாயிற்றுக்கு ஒரு ஜிபிஎஸ் மாட்யூல். நியோ-6எம் மாதிரி மலிவானது போதும். கேட்காமலேயே வினாடிக்கு ஒரு முறை 9600 வேகத்தில் வரி வரியாகப் பேசிக்கொண்டே இருக்கும். ஆர்டுயினோ இல்லாமல் அடாப்டரை 3.3 வோல்ட்டில் வைத்து நேராகக் கேட்கலாம். அது பேசும் என்எம்இஏ என்ற முறை கப்பல் கருவிகளுக்காக வந்தது. ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கும், கமாக்களால் பிரிந்திருக்கும், நட்சத்திரக் குறிக்குப் பிறகு இரண்டு எழுத்தில் சரிபார்ப்பு எண் இருக்கும். டாலருக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே உள்ள எல்லா எழுத்தையும் ‘எக்ஸ்-ஆர்’ (இரு பிட்டும் வேறானால் 1, ஒன்றானால் 0) செய்தால் அந்த எண் வர வேண்டும். வராவிட்டால் வரி வழியில் கெட்டுவிட்டது, எறிந்துவிடலாம். உங்கள் வெப்பநிலை வரிக்கும் இதையே வைத்துக்கொள்ளுங்கள். வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் வைத்தால் கூரை மறைத்து எளிதில் செயற்கைக்கோள் பிடிக்காது. தாழ்வாரத்தில் வைத்துவிட்டுச் சில நிமிடம் பொறுமையாக இருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி இது என்ன என்று கேட்டால் காட்டிவிடுங்கள்.

அதில் ஒரு பொறி இருக்கிறது. நகர மையத்தில் நின்றால் அட்சரேகை 0117 என்று தொடங்கி வரும், தீர்க்கரேகை 10351 என்று. இதை 1.17, 103.51 என்று படித்து வரைபடத்தில் போட்டால் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸையும் தாண்டித் தென்மேற்கே கடலில் போய் நிற்பீர்கள். அது 1 டிகிரி 17 நிமிடம், 103 டிகிரி 51 நிமிடம். நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் 1.283, 103.85. நேரமும் நம் கடிகாரத்துக்கு 8 மணி நேரம் பின்னால் இருக்கும். பைட்டுகள் அத்தனையும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தும் அர்த்தம் தப்பாகப் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதற்கு நடுவே கையில் காசு இருந்தால் கம்பியில் ஓடும் பிட்டுகளைப் பதிவு செய்யும் எட்டு வழி லாஜிக் அனலைசர் ஒன்று வாங்கலாம். மலிவான வகையே போதும், பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளோடு ஓடும். தாளில் எழுதிய 0, 1, 0, 0 அப்படியே திரையில் மேடு பள்ளமாக நிற்பதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் தனி.

கடைசியாக, சில்லர் அறைப் பலகைகளில் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு கம்பி ஓடுகிறதே, அதுவும் சீரியல்தானா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது ஆர்எஸ்-485 என்ற கம்பி முறை, அதன் மேல் மாட்பஸ் என்ற பேச்சு முறை. மாட்பஸ் 1979-இல் மோடிகான் நிறுவனம் கொண்டு வந்தது. இன்றும் மின்மானி, மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி, தெர்மோஸ்டாட் என்று எங்கும் இருக்கிறது. பைட் அமைப்பு நீங்கள் படித்த அதேதான். பிழை பார்க்க உதவும் பாரிட்டி பிட் சேர்ந்து 11 பிட்டாகப் போகும். ஆனால் ஒரு கம்பியின் வோல்ட்டேஜைப் பார்க்காமல் இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும். வெளிச் சத்தம் இரண்டிலும் சமமாக ஏறுவதால் வித்தியாசம் மாறாது. அதனால்தான் மோட்டார்களுக்கு நடுவே 1200 மீட்டர் வரைகூட ஓடுகிறது. இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். ஒரே கம்பியில் பலர் தொங்குவதால் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 247 வரை ஒரு முகவரி. தலைமைக் கருவி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் பதில் வரும். வரி முடிந்தது என்பதற்குப் புதுவரிக் குறி கிடையாது. மூன்றரை எழுத்து நேரம் அமைதி, அதாவது 9600-இல் ஏறத்தாழ 4 மில்லிவினாடி. அந்த அமைதிதான் முற்றுப்புள்ளி.

வேலையிடத்துப் பலகையில் உங்கள் லேப்டாப்பைச் செருகிப் பார்க்காதீர்கள். நீங்கள் கேட்கும் நேரத்தில் தலைமைக் கருவியும் கேட்டால் இருவர் பேச்சும் மோதும்; கண்காணிப்பு அறையில் அலாரம் அடிக்கும்; அப்புறம் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மாட்பஸ் வெப்பநிலை சென்சர் ஒன்றும் யுஎஸ்பி-ஆர்எஸ்-485 அடாப்டர் ஒன்றும் வாங்கி அறையில் மேசை மேல் வைத்து விளையாடுங்கள். பதிலே வராவிட்டால் முகவரியையும் வேகத்தையும் பாரிட்டியையும் பார்த்துவிட்டு, ‘ஏ’ கம்பியையும் ‘பி’ கம்பியையும் இடம் மாற்றிப் போடுங்கள். எது ஏ, எது பி என்பதில் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. மாற்றிப் போட்டால் எதுவும் எரியாது.